மெயின் சுவிட்ச்

கிள்ளான் தாமான் செந்தோசாவில் சாயங்காலம் நாலு மணிக்கு இடி உறுமினால், வீட்டுக்கு வீடு ஆட்கள் எழுந்து பிளக்குகளைப் பிடுங்க ஆரம்பிப்பார்கள். தொலைக்காட்சி, மோடம், மோடத்துக்குப் பின்னால் போகிற வயர், கேட் மோட்டார் என்று வரிசையாகப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்து கோப்பி குடிப்பார்கள். செபாஸ்டியனுக்கு அந்த வரிசையெல்லாம் ஒத்துவராது. நேரே வாசல் கதவுக்கு மேலே இருக்கும் பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்சையே கீழே தள்ளிவிடுவார். பதினாலு வருசத்துக்கு முன்னால் ஒரே மின்னலில் தொலைக்காட்சியும் வாசிங் மெஷினும் டெலிபோனும் கருகிப்போனதிலிருந்து அந்த வீட்டில் இதுதான் வழக்கம். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தோரு வருசம் வேலை பார்த்த மனுசன். கரண்டைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது.

அந்தச் சனிக்கிழமையும் அதே பெட்டியைத் திறந்தார், அதே சுவிட்சைத் தள்ளினார். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. வாங்கியது அவர் மனைவி ஜோசஃபின். ஷா ஆலத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்தாறு வருசம் சர்க்கியூட் போர்டு பரிசோதித்தவள். பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே குனிந்து ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு போர்டு. ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா, ஏதாவது சாமான் கோணலாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, நல்லதை வலது பக்கம் தள்ளுவாள், கெட்டதை இடது பக்கம். மார்ச் மாதம் அந்த லைனையே மூடிவிட்டார்கள். கம்ப்யூட்டருக்குள்ளே போகிற போர்டுகளை லட்சக்கணக்கில் பார்த்தவளுக்குக் கம்ப்யூட்டரைத் தட்டத் தெரியாது. அதற்கு அவசியமும் வந்ததில்லை.

அவசியத்தைக் கொண்டுவந்தது அவளுடைய பழைய சூப்பர்வைசர் உஷாராணி. அவள் போய்ச் சேர்ந்த புதுக் கம்பெனியில் போர்டுகளைக் கேமரா படம் பிடிக்கிறது. கேமராவுக்குச் சந்தேகம் வந்த படங்களை வீட்டிலிருந்தே பார்த்து நல்லது கெட்டது சொல்ல, கண் பழகிய ஆள் வேண்டும். கம்ப்யூட்டர் சொந்தமாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அதிலிருந்து கம்பெனி புரோகிராமுக்குள் நுழைந்து பரீட்சை மாதிரி நூறு படம் பார்க்க வேண்டும். எட்டு மணிக்கு நுழையாத ஆளுக்குப் பதில் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

செபாஸ்டியனுக்கு இது பிடிக்கவே இல்லை. அதை அவர் வாய்க்குள் வைத்துக்கொள்ளவும் இல்லை.

"அம்பத்து மூணு வயசுல கம்ப்யூட்டரா? பேசாம காலையில நாசி லெமாக் கட்டி வித்தா போதாது?"

"நாசி லெமாக் நீங்க கட்டுங்க. எனக்குத் தெரிஞ்சது போர்டு."

"கண்ணு போயிரும்லா."

"போறதா இருந்தா எப்பவோ போயிருக்கும்."

கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்தவன் ஐவன். தெங்கு கெலானா சாலைக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் கடை வைத்திருக்கிறான். நாற்பது வயது, இவர்களுடைய கோயில்காரன், பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவன். வீட்டுக்கே வந்து பூட்டிக் கொடுத்துவிட்டு ஜோசஃபினுக்குப் புத்திமதியும் சொல்லிவிட்டுப் போனான். "பெட்டிய தரையில வைக்காதீங்க ஆன்டி, தூசி எல்லாம் உள்ள போயிரும். செவுத்தோட ஒட்டி வைக்காதீங்க, பின்னால காத்து வெளிய போவணும். ஸ்கிரீன் வயர மேல இருக்கற ஓட்டையில சொருவாதீங்க, கீழ இருக்கு பாருங்க, அதுலதான். பாஸ்வேர்ட ஸ்கிரீன்ல ஒட்டி வைக்காதீங்க." எல்லாவற்றையும் அவள் பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டாள். நம்பர் போட்டு, பக்கத்தில் டிக் போடச் சின்னக் கட்டம் வரைந்து. தொழிற்சாலையில் ஒவ்வொரு மேசைக்கு மேலும் அப்படித்தான் ஒரு தாள் தொங்கும். படிப்படியாகச் செய்ய வேண்டும், ஒரு படி முடிந்தால் ஒரு டிக்.

வெள்ளிக்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, கையில் பூதக்கண்ணாடியோடு உள்ளே பார்த்தாள்.

"என்னா தேடற?" என்றார் செபாஸ்டியன்.

"சும்மா பாக்கறேன். ஈயமெல்லாம் சுத்தமா இருக்கு. இந்தக் கப்பாசிட்டர் மட்டும் கொஞ்சம் சாஞ்சிருக்கு, பாத்தீங்களா? நான் இருந்திருந்தா இத ரிஜக்ட் பண்ணிருப்பேன்."

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளோ சுட்டுவிரலால் அந்தக் குட்டி உருளையை லேசாக நிமிர்த்திவிட்டு, திருப்தியாகத் தகட்டை மூடினாள். கூடத்தில் உட்கார்ந்து புதுச் சட்டைக்குப் பொத்தான் தைக்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் செய்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் மீன் கறி சாப்பிட்டுவிட்டு அவர் படுத்துவிட்டார். ஜோசஃபின் கம்பெனி அனுப்பிய தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கம்பெனி புரோகிராம் உள்ளே போவதற்கு முன் போர்டின் பயோஸைப் புதுப்பிக்க வேண்டுமாம். கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது முதலில் வாசிக்கிற பாடம் அது. ஒரு சின்னச் சிப்புக்குள் எழுதியிருக்கும். ஐவனைக் கூப்பிட்டிருக்கலாம். அவள் கூப்பிடவில்லை. பதினான்கு படி இருந்தது, பத்துப் படிக்கு டிக் போட்டாள். பதினோராவது படி: தானாக அணைந்து தானாக எரியும்வரை மின்சாரத்தை நிறுத்தக் கூடாது, பதினைந்து நிமிடம் ஆகலாம். அதை இரண்டு தடவை படித்துவிட்டு, ஒரு அட்டையில் சிவப்பு மையால் 'ஆஃப் செய்யாதீங்க' என்று எழுதிப் பிளக்குக்கு மேலே ஒட்டினாள். அந்த நேரம் பார்த்து வானம் கறுத்தது. பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி கையுறைத் தொழிற்சாலையில் பகல் ஷிப்டில் இருந்தாள். அவள் வீட்டுச் சாவி இவளிடம்தான். பின்கட்டில் அவள் காயப்போட்ட மிளகாயும் நாலு கம்பித் துணியும். ஜோசஃபின் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

இடிச் சத்தத்தில் செபாஸ்டியன் எழுந்தார். கூடத்துக்கு வந்தார். அட்டையைப் பார்த்தார், எழுத்துக் கூட்டிப் படித்தார், சரி என்று தலையை ஆட்டினார். சத்தியமாக அந்தப் பிளக்கை அவர் தொடவில்லை. பொண்டாட்டி சொல்லுக்கு மரியாதை கொடுத்து அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார். நடந்து போய் வாசல் கதவுக்கு மேலே பெட்டியைத் திறந்து, பதினாலு வருசப் பழக்கத்தில், மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினார்.

கம்ப்யூட்டர் காற்றாடி நின்ற சத்தம் கேட்ட பிறகுதான் மண்டையில் உறைத்தது. உடனே சுவிட்சை மேலே தள்ளினார். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்கம் இருந்த வட்டப் பொத்தானை அமுக்கினார். காற்றாடி சுற்றியது, உள்ளே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது, திரையில் ஒன்றும் வரவில்லை. அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஜோசஃபின் நனைந்துபோய் வந்தாள்.

"முடிஞ்சிருச்சா?"

"தெரியலலா. நான் தொடல," என்றார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அப்படித்தான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பதினைந்து நிமிடம் என்று தாளில் இருக்கிறதே. பதினைந்து அரை மணி ஆனது, அரை மணி ஒரு மணி ஆனது. அவள் எதையும் தொடவில்லை. தொடக் கூடாது என்று எழுதியிருக்கிறது. மழை விட்டது, தெருவில் ரொட்டிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டு போனான். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்திருந்ததைத்தான் செபாஸ்டியனால் தாங்க முடியவில்லை. பேப்பரில் கால்பந்துப் பக்கத்தை நாலாவது தடவை படித்துக்கொண்டிருந்தார்.

சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மூன்று நாளாக இந்தக் கம்ப்யூட்டரைக் கரித்துக்கொட்டியவர் அவர். இப்போது நான்தான் மெயினை அடைத்தேன் என்றால் யார் நம்புவார்கள்? வேண்டுமென்றே செய்தார் என்றுதான் அவள் நினைப்பாள். அந்த இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஐவன் வந்தால் சரி பண்ணிவிடுவான், பிறகு இதைப் பற்றிப் பேசவே வேண்டியிருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஆறு மணிக்கு ஜோசஃபின் எழுந்து ஐவனுக்குப் போன் போட்டாள். அவன் ஒரு கல்யாணத்துக்காகக் காஜாங்கில் இருந்தான்.

"நாளைக்குப் பூச முடிஞ்சி கடைக்குத் தூக்கிட்டு வாங்க ஆன்டி. உங்களுக்காகத் தொறக்கறேன்."

போனை வைத்துவிட்டுத் தன் வலது கைச் சுட்டுவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இந்த வெரலுதான்."

"என்னா வெரலு?"

"நேத்து அந்தக் கப்பாசிட்டர தொட்டேன்லா? கையில ஸ்டிராப் போடல. ஸ்டேட்டிக் அடிச்சிருச்சி."

தொழிற்சாலையில் மணிக்கட்டில் பட்டை கட்டி, அதிலிருந்து ஒரு வயரைத் தரையில் பூட்டாமல் போர்டைத் தொட முடியாது. மனித உடம்பில் இருக்கும் சின்ன மின்சாரமே போர்டைக் கொன்றுவிடும், கொன்றது வெளியே தெரியாது, பிறகு ஒரு நாள் சாகும். இதை வருசத்துக்கு இரண்டு தடவை படம் போட்டுக் காட்டுவார்கள். ஜோசஃபினுக்கு அது பத்துக் கட்டளைக்கு அடுத்த கட்டளை.

"இருபத்தாறு வருசத்துல ஒரு நாளு ஸ்டிராப் இல்லாம தொட்டதில்ல. சொந்த சாமான்ன உடனே திமிரு வந்துருச்சி எனக்கு."

"அதெல்லாம் இருக்காது," என்றார் செபாஸ்டியன். சொல்லிவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நற்கருணை வாங்க வரிசை எழுந்தபோது செபாஸ்டியன் எழவில்லை. மறைத்த பாவத்தோடு அதை வாங்கக் கூடாது. ஜோசஃபின் குனிந்து, "முட்டி வலிக்குதா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினார். கோயிலுக்குள்ளேயே இன்னொரு பொய். வரிசையில் போகிற அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே முட்டியைத் தடவிக்கொண்டார்.

கம்ப்யூட்டர் பெட்டியைக் காடியின் பின் சீட்டில் படுக்க வைத்து, சீட் பெல்ட்டும் போட்டுக் கொண்டுபோனார்கள். ஞாயிறு காலை தெங்கு கெலானாவில் காடி நிறுத்த இடம் கிடைப்பதற்குள் உயிர் போய்விடும். இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு நகைக்கடைக்குப் பின்னால் நிறுத்தி, இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிக்குத் தூக்கினார்கள். கீழே மல்லிகையும் பொரித்த வடையும் சேர்ந்து மணத்தது. செபாஸ்டியனுக்குப் பசிக்கவில்லை.

ஐவன் பெட்டியைத் திறந்து மேசையில் சாய்த்தான். மெமரியைக் கழற்றி மாற்றினான், வேறு திரையில் மாட்டிப் பார்த்தான், பேட்டரியைப் பிடுங்கிச் சொருகினான். காற்றாடி சுற்றியது. திரை அப்படியேதான்.

"என்னா நடந்திச்சி ஆன்டி? முழுசா சொல்லுங்க."

ஜோசஃபின் வெள்ளிக்கிழமையிலிருந்து ஆரம்பித்தாள். விரலைக் காட்டினாள். ஒரு வார்த்தையைக்கூடத் தனக்குச் சாதகமாகத் திருப்பவில்லை. ஐவன் கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தான்.

"ஸ்டேட்டிக்கா இருக்கலாம். தொடறதுக்கு முந்தி பெட்டியோட இரும்பத் தொட்டுட்டா போதும், ஸ்டிராப்கூட வேணாம். ஆனா அப்டேட்டுக்கு நடுவுலதான செத்திருக்கு. எனக்கு அதான் இடிக்குது. நேத்து கரண்டு ஏதும் போச்சா?"

"இல்லப்பா. நான் பக்கத்து வீட்டுல இருந்தேன், அங்க கரண்டு இருந்திச்சி. இவரு வீட்லதான் இருந்தாரு, கேளு."

ஐவன் நிமிர்ந்தான். "அங்கிள்?"

"மழ பேஞ்சிச்சி," என்றார் செபாஸ்டியன்.

"ஏன் கேக்கறேன்னா, ரெண்டு வழி இருக்கு. ஸ்டேட்டிக்குன்னா போர்டே ரோசாக், கெட்டுப்போச்சி. ஏஜென்டுக்கு அனுப்பணும், புதுசு வர ரெண்டு வாரம். அப்டேட் பாதியில கரண்டு போயிருந்தா போர்டு நல்லாத்தான் இருக்கும், இந்தச் சிப்புல எழுதினது மட்டும் பாதியில நின்னிருக்கும். அத இங்கேயே கிளிப் மாட்டித் திரும்ப எழுதிரலாம், ஒரு மணி நேர வேல. ஆனா நான் சிப்புல கை வச்சேன்னா ஏஜென்டு வாரண்டி கிடையாதும்பான். கரண்டு போவலன்னா நான் கை வைக்கறது தப்பு. அனுப்பறதுதான் சரி."

"அனுப்பிரு," என்றாள் ஜோசஃபின்.

"நாளைக்கு எட்டு மணிக்கு டெஸ்டுன்னீங்க?"

"வேணாம்பா. சொந்த போர்டையே ஒழுங்கா தொடத் தெரியல. நான் அடுத்தவன் போர்டுக்கு நல்லது கெட்டது சொல்றதா?" கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். "உஷாராணிகிட்ட சொல்லிடறேன். அடுத்த ஆளயாவது நேரத்தோட கூப்புட்டுக்கட்டும்."

அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உஷாராணியின் பெயரைத் தேடினாள். குரலில் அழுகை இல்லை, கோபம் இல்லை. இடது பக்கம் தள்ள வேண்டிய போர்டைத் தள்ளுகிற மாதிரி தன்னைத் தள்ளிவிட்டாள். செபாஸ்டியனுக்கு அப்போதுதான் விளங்கியது. நேற்றிலிருந்து அவர் பயந்தது அவள் தன்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்று. அவள் தன்னைப் பற்றியே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"போன வை, ஜோஸ்பின்."

"என்னாங்க?"

"நான்தான் மெயின அடச்சேன்."

ஐவன் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"இடி இடிச்சிச்சி. தூக்கத்துல எந்திரிச்சி வந்தேன். நீ ஒட்டின அட்டையப் பாத்தேன், பிளக்கத் தொடல. போயி மெயின அடச்சிட்டேன். பழக்கம். உடனே போட்டேன், வரல."

ஜோசஃபின் போனைக் கைப்பைக்குள் போட்டாள்.

"நேத்தே ஏன் சொல்லல?"

"வேணும்னே செஞ்சேன்னு நெனப்ப."

"நெனச்சிருப்பேன்," என்றாள். "நெனச்சி, திட்டி, சண்ட போட்டு, படுத்துத் தூங்கிருப்பேன். நேத்து ராத்திரி நான் தூங்கல, தெரியுமா? கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன். இருபத்தாறு வருசமா நான் நல்லதுன்னு வலது பக்கம் தள்ளுனது எத்தன போர்டு, அதுல எத்தனைய நானே கெடுத்து அனுப்பிருப்பேன்னு."

செபாஸ்டியன் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிச்சிரு என்று சொல்ல வாய் திறந்தார். அவள் காத்திருக்கவில்லை. கைப்பையிலிருந்து கம்பெனித் தாளை எடுத்து ஐவன் முன்னால் விரித்தாள்.

"இதப் பாருப்பா. ஒண்ணுலருந்து பத்து வரைக்கும் டிக் போட்டிருக்கேன். ஒவ்வொண்ணும் செஞ்சிட்டுத்தான் போட்டேன். பதினொண்ணுல எழுதின மாதிரி ஒண்ணும் தொடல. இதுல எங்கயாச்சும் நான் தப்புப் பண்ணிருக்கனா?"

ஐவன் தாளை எடுத்துப் பொறுமையாகப் படித்தான். அவள் எப்படிச் செய்தாள் என்று இரண்டு இடத்தில் நிறுத்திக் கேட்டான். பென்டிரைவை எப்படித் தயார் செய்தாள், கோப்பை எங்கே வைத்தாள் என்று அவள் திக்காமல் சொன்னாள்.

"ஒண்ணும் தப்பில்ல ஆன்டி. எங்கிட்ட வேல செய்ற பையன்கூட இவ்ளோ சுத்தமா செய்ய மாட்டான்."

"அந்தக் கப்பாசிட்டரு?"

"அது பாட்டுக்கு இருக்கு. நேரா வேற இருக்கு."

அப்போதுதான் அவள் அழுதாள். நின்றபடியே, முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, சந்தோசத்தில் அழுதாள். செபாஸ்டியன் கிட்டே போனார். அவள் கையை நீட்டி அவரை அங்கேயே நிறுத்தினாள். அவர் நின்றுகொண்டார்.

ஐவன் போர்டிலிருந்த நகக்கண் அளவுச் சிப்பின் மேல் ஒரு குட்டிக் கிளிப்பைக் கவ்வ வைத்து, வயரைத் தன் கம்ப்யூட்டரில் சொருகினான். ஜோசஃபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே குனிந்தாள். "ரெண்டாவது கால் சரியா உக்காரல," என்றாள். அவன் பார்த்தான். ஆமாம், உட்காரவில்லை. எடுத்துத் திரும்பக் கவ்வ வைத்தான். செபாஸ்டியன் கீழே போய் மூன்று தே தாரே டீயும் வடையும் தப்பாவ் பண்ணி, பையில் கட்டிக்கொண்டு வந்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டரைக்குத் திரை எரிந்தது. நீலமாக, ஒன்றுமே நடக்காத மாதிரி.

"இப்ப பழைய பயோஸ்தான் போட்டிருக்கேன். அப்டேட்ட நான் பண்ணிக் குடுத்தர்றேன் ஆன்டி. இங்க யூபிஎஸ் இருக்கு, கரண்டு போனாலும் கால் மணி நேரம் தாங்கும். நீங்களும் வீட்டுக்கு ஒண்ணு வாங்கி வைங்க. மாட்டினா அங்கிள் எத்தன தடவ வேணும்னாலும் மெயின அடைக்கலாம்."

"நீ தள்ளு," என்றாள் ஜோசஃபின். "நான் செய்றேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொட்டுக்கொண்டாள். ஒன்றாவது படியிலிருந்து ஆரம்பித்தாள். ஐவன் அவள் தோளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், வாயைத் திறக்கவில்லை. திறக்க அவசியம் வரவில்லை. கோடு மெதுவாக நகர்ந்து, முடிந்து, கம்ப்யூட்டர் தானாக அணைந்து, தானாக எரிந்தது. கம்பெனி புரோகிராம் உள்ளே போய், அவள் பெயரைக் காட்டி, நாளை காலை எட்டு மணிக்கு வரச் சொன்னது.

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, நேற்றிலிருந்து முதல் தடவையாகப் புருசனை நேராகப் பார்த்தாள். செபாஸ்டியன் நிமிர்ந்து நின்றார். முப்பத்தோரு வருச சர்வீசில் எந்த விசாரணையிலும் அவர் இப்படி நின்றதில்லை.

"நாளைக்கு எட்டு மணிக்கு எனக்கு வேல," என்றாள். "ஏழு மணிக்குப் பசியாற நீங்கதான் செய்யணும். நாசி லெமாக் செய்ங்க. நல்லா இருந்தா வலது பக்கம், இல்லன்னா இடது பக்கம்."

"சரி," என்றார் செபாஸ்டியன். தேங்காய்ப் பாலை அரிசியோடு எப்போது ஊற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. அதை யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு, ஒரு படி, ஒரு படியாகக் கீழே இறங்கினார்.